சும்மா இருக்கப் படித்த நர்ஸ்

பத்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு உலகத்தில் தெரியாத வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருக்கிறது.

அதைப் படிக்கத்தான் முப்பத்தாறு வயதில் திரும்பவும் கொப்பியும் பேனையுமாக வகுப்புக்குப் போனேன். உளநலத் தாதியியல், பட்டப்பின் படிப்பு, ஒன்றரை வருஷம். வகுப்பில் இங்கிலீஷ், வார்ட்டில் சிங்களம், வீட்டில் தமிழ். கலியாணமும் கட்டி, வேலையும் பார்த்து, அதற்குப் பிறகு படிக்கவும் போய், 'இதுக்குள்ள ஏன் தலையைக் குடுத்தன்' என்று பஸ் கம்பியைப் பிடித்தபடி யோசிக்கிற ஆட்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நோயாளிகளின் ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். என் வீட்டுக் கதையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பிளாஸ்டிக் கதிரை

முதல் நாள் வார்ட்டுக்குள் போனதுமே என் கை பரபரத்தது. நான் சத்திரசிகிச்சை வார்ட்டில் வளர்ந்தவள். சேலைன் ஏற்றுவேன், தையல் வெட்டுவேன், காயத்துக்கு மருந்து கட்டுவேன், நடுவில் இரண்டு பேருக்கு ஏசவும் செய்வேன். இங்கே சேலைனும் இல்லை, காயமும் இல்லை. என்ன செய்கிறது? கட்டில் விரிப்பையெல்லாம் இழுத்துச் சரிபண்ணினேன். யன்னல் ஒன்றையும் துடைத்தேன். எங்களுக்குப் படிப்பிக்கிற மேடம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காட்டி, "ஜெசிந்தா, யாரோடயாவது இருபது நிமிஷம் இருங்க. ஒண்டும் செய்ய வேணாம்" என்றார். மேடம் சிங்களவர். மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் தமிழ் பிடித்துக்கொண்டவர். எனக்கு ஏசுவதற்கென்றே அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

யன்னலோரக் கட்டிலில் ஒரு ஐயா இருந்தார். பேலியகொடை மீன் சந்தையில் தராசு பிடித்தவர். மனைவி செத்த பிறகு சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்டார் என்று மகன் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வந்து நாலு நாள், யாரோடும் ஒரு சொல் இல்லை. நான் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். முதல் நிமிஷம் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டாம் நிமிஷமும் அதையே பார்த்தேன். மூன்றாம் நிமிஷம் என்னைக் கேட்காமலே என் கை போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணத் தொடங்கிவிட்டது. ஐயா என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நாலு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"மிஸ், கைய விடுங்க. அது அதுட பாட்டுல ஓடுது. நீங்க ஏன் இப்பிடி ஓடுறீங்க?"

நாலாம் மாடி

இந்தப் படிப்பு எதற்கு என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். சமூகத்துக்குச் சேவை செய்ய என்று சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறது, அவர்களும் தலையை ஆட்டி எழுதிக்கொள்கிறது. உங்களுக்கு உண்மையைச் சொல்லலாம். நான் என் அக்காவுக்காகப் போனேன்.

ஸ்டெல்லா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா செத்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூட டை கட்டிவிட்டது, காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தது எல்லாம் அவள்தான். என்னை நர்ஸாக்கிவிட்டுத்தான் கலியாணம் கட்டினாள். கட்டி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஒரு நாலாம் மாடி ஃபிளட்டுக்குப் போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மகள் பிறந்தாள். பிறந்த இருபதாம் நாள், மூன்றாம் கிழமை, அத்தான் போன் எடுத்தார். "ஜெசி, ஸ்டெல்லா பிள்ளையத் தூக்குறாள் இல்ல. ஒருக்கா வந்து பார்."

டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபோமோடு போனேன். கதவைத் திறந்தவள் திரும்பிப் போய் பல்கனியில் இருந்துவிட்டாள். எதிரில் கடல். அவள் கடலைப் பார்க்கவில்லை, கிரில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரி இழுத்து எத்தனை நாளோ தெரியாது. உள்ளே பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது சோதனையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். அன்றைக்கு நான் செய்தது இதுதான்: நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், கண்ணை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "உனக்கு ஒண்டும் இல்ல அக்கா. பிள்ளை இல்லையெண்டு எத்தினை பேர் அழுகினம். எழும்பி முகத்தக் கழுவு" என்றேன். எனக்குக் கலியாணமாகி அப்போது ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. அந்த 'எத்தினை பேரில்' நானும் இருந்தேன். மறைத்து என்ன.

அடுத்த வருஷம் அவர்கள் மெல்பேர்ன் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நத்தார் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் கும்பிடுகிற கைப் படம் ஒன்று போனில் வரும். குரல் வராது. நான் எடுத்தால் அத்தான் பேசுவார். அக்கா எங்கே என்றால் குளிக்கிறாள் என்பார். ஐந்து வருஷமாகக் குளிக்கிறாள். படிக்கப் போகிற பஸ் அவள் குடியிருந்த ஒழுங்கையைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு நாளும் பஸ் யன்னலுக்குள்ளால் தலையைக் குனிந்து மேலே நாலாம் மாடியைப் பார்ப்பேன், வேறு யாருடையதோ உடுப்புக் காயும். அவள் ஒருதரம் 'ஜெசி' என்று கூப்பிட்டால் போதும் என்றிருக்கும். ஆனால் காதில் நிற்பது, அன்றைக்கு நான் பிரஷர் பெட்டியை மூடும்போது அவள் சொன்னதுதான்.

"தங்கச்சி வருவாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நர்ஸ் வந்திருக்கு."

மூன்றாம் கட்டம்

எங்கள் படிப்பில் ஒரு கொப்பி இருக்கிறது.  ஒரு நோயாளியோடு கதைத்துவிட்டு வந்து, கதைத்ததை ஒரு சொல் விடாமல் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. முதல் கட்டத்தில் அவர் சொன்னது. இரண்டாவதில் நான் சொன்னது. மூன்றாவதில், அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது என்பது.

முதல் இரண்டிலும் நான் கெட்டிக்காரி. வார்ட்டில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று ஒப்புவிக்கச் சொன்னால் நர்ஸுகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூன்றாவதில்தான் சிக்கல். 'சாதாரணம்' என்று எழுதினேன். அடுத்ததற்கும் 'சாதாரணம்'. வேறு ஒரு ஐயா தன் செத்த மகனைப் பற்றிச் சொன்ன இடத்தில் 'மாற்றம் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தேன். மேடம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஜெசிந்தா, இது டெம்பரேச்சர் சார்ட் இல்ல. இதுல நீங்க எங்க?"

கிளி

படித்ததை யாரிலாவது பழக வேண்டுமே. என் அவர், அன்ரன், துறைமுகத்தில் கிளார்க். பாவம், வசதியாகக் கையில் கிடைத்தவர் அவர்தான். எதிரில் இருக்கிறவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவர் மனம் திறந்து மேலே கதைப்பார் என்று அந்தக் கிழமைப் பாடம். அன்ரன் வேலை விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கு கிரேன் பழுது, ஒரே தலையிடி" என்றார். "கிரேன் பழுது. உங்களுக்குத் தலையிடியா இருந்திருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓம், அதத்தானே சொன்னன்" என்றார். "அதத்தான் சொன்னீங்க" என்றேன்.

இப்படியே நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் மனுஷன் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டார். பதினொரு வருஷமாக நாங்கள் சண்டை பிடிக்கிற துவாய் அது. நான் அமைதியாக, "துவாய் கட்டில்ல இருக்கிறதப் பாக்கிறன்" என்றேன். அன்ரன் துவாயை எடுத்துக் கொடியில் போட்டார். போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"வீட்டில கிளி வளக்கிற மாதிரி இருக்கு. ஒருக்கா பழையபடி ஏசு ஜெசி, எனக்குப் பயமா இருக்கு."

திறக்காத பார்சல்

தமிழ் நோயாளி யாராவது வந்தால் எந்த வார்ட்டாக இருந்தாலும் எனக்கு ஆள் வரும். மொழிபெயர்க்க. அதற்கும் ஒரு சட்டம் உண்டு: ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படி ஒரு நாள் கூப்பிட்டது பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு. இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். குழந்தை பிறந்து ஒரு மாதம். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். பிள்ளை பால் குடிக்கிறதா? குடிக்குதுங்க. பிள்ளை நித்திரை கொள்கிறதா? ஆமாங்க. பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்று யோசனை வருகிறதா? இல்லீங்க. கவலையாக இருக்கிறதா? ஒண்ணுமில்லீங்க. டொக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் போக மனம் வரவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிரில் கம்பி ஞாபகம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். மீன் சந்தை ஐயாவின் புண்ணியத்தில் இப்போது என் கை மடியில் கிடக்கப் பழகியிருந்தது. கால்மணி நேரம் போயிருக்கும். லொக்கருக்கு மேலே அவளுடைய மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். தெருவில் தெரிந்த முகத்தைக் கண்டால் கேட்கிற கேள்விதான், பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. அவள் அழத் தொடங்கினாள். 'அழாதீங்க' என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்குத்தான் தெரியும். அழுது முடித்து, பார்சலை அவிழ்த்து, நாலு வாய் சாப்பிட்டாள்.

"எல்லாரும் வந்து புள்ள பால் குடிச்சிச்சான்னுதான் கேட்டாங்க மிஸ். நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தருமே கேக்கலீங்க."

கலியாணம் பேசப் போனது

கிளினிக்குக்கு வராமல் விட்ட ஆட்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் எங்கள் படிப்பில் ஒரு பகுதி. யூனிஃபோம் போடக் கூடாது. நர்ஸ் வந்து போனால் அக்கம்பக்கத்தில் கதை கிளம்பிவிடும். ஆகையால் சாரியோ சல்வாரோ உடுத்து, கைப்பைக்குள் மருந்தை வைத்துக்கொண்டு, சொந்தக்காரி மாதிரிப் போகிறது. கொம்பனித்தெருவில் ஒரு மாடி வீட்டில், ஊசி போட வேண்டிய பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் பயந்த மனுஷி. லிஃப்டுக்குள் யாரோ "இது ஆர்?" என்று கேட்டதும், "மகளுக்குக் கலியாணம் பேச வந்தவங்க" என்று சொல்லிவிட்டா. அன்றைக்குத் தொடங்கி நான் அந்தக் கட்டடத்துக்குக் கலியாணத் தரகர். போகும்போதெல்லாம் குடிக்கப் பாலூதாவும் கடிக்கப் பட்டிஸும் வரும். எனக்கும் வேடம் பிடித்துப்போய், மாப்பிள்ளைக்கு டுபாயில் வேலை என்று ஒருநாள் அளந்துவிட்டேன்.

நாலாம் தடவை போனபோது எதிர்வீட்டுப் பெண் கதவை அரைவாசி திறந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டா. சரி, பிடிபட்டோம், இனி மாப்பிள்ளையின் படத்தைக் கேட்கப் போகிறா என்று நினைத்தேன். அவ படம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்து, நடையில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, மெல்லச் சொன்னா.

"மிஸ், எங்கட ஊட்டுக்கும் ஒருக்கா இப்பிடி கலியாணம் பேச வாங்களே. மூத்த மகன் மூணு மாசமா ரூம உட்டு வெளிய வாரான் இல்ல."

கடைசிப் பதிவு

அந்த எதிர்வீட்டு அம்மா என்னை முதல் நாளே நர்ஸ் என்று அடையாளம் கண்டிருக்கிறா. நாலு தடவையும் கதவுக்குப் பின்னால் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறா. கேட்க அவ்வளவு நாள் எடுக்கிறது. பஸ்ஸில் வரும்போது அக்காவை நினைத்தேன். அவளும் எத்தனை நாள் யோசித்துவிட்டு அத்தானிடம் 'ஜெசியக் கூப்பிடுங்கோ' என்று சொன்னாளோ. அத்தான் தன் பாட்டில் போன் எடுத்தார் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிகிற நேரம் மேடம், "எல்லாரும் நல்லாப் போனதையே எழுதிக்கொண்டு வாறீங்க. கடைசிப் பதிவுக்கு நீங்க பிழையாக் கதைச்சது ஒண்ட எழுதுங்க" என்றார். மற்றவர்கள் வார்ட்டில் நடந்ததை எழுதினார்கள். நான் நாலாம் மாடியை எழுதினேன். முதல் கட்டத்தில் அக்கா சொன்னது, ஒரே வரி. இரண்டாவதில் நான் சொன்னது, மூன்று வரி. மூன்றாவது கட்டம் நாலு பக்கத்துக்குப் போனது. பயம் என்று எழுதினேன். என்னைத் தூக்கி நிறுத்தியவள் இப்படி விழுந்து கிடந்தால் எனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்ற பயம், அதுதான் ஏச்சாக வந்தது. பிள்ளையின் பால் மணம் மூக்கில் அடித்தபோது வந்த பொறாமையையும் எழுதினேன். அதோடு, ஆறு வருஷமாக அவள் குரலுக்கு ஏங்குகிறேன் என்றும் எழுதினேன், அது அன்றைக்கு நடந்ததில்லை என்றாலும். மேடம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சிவப்புப் பேனையைத் தொடவே இல்லை.

"இதத் திருத்துற ஆள் நான் இல்ல, ஜெசிந்தா. உரிய ஆளுக்கு அனுப்புங்க."

ஞாயிறு

நாலு பக்கத்தையும் போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் இரண்டு நீலச் சரி விழுந்தது. வாசித்துவிட்டாள். பிறகு ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. கும்பிடுகிற கைகூட இல்லை. நான் துவாய்க்கும் ஏசவில்லை, கிளியாகவும் இல்லை. அன்ரன் தானே பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் ஞாயிறு. கோயிலில் பூசை முடிந்து, பேக்கரியில் மீன் அடைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு வருகிறேன், போன் அடித்தது. அக்காவின் நம்பர். அத்தானாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன்.

"ஜெசி" என்றாள்.

பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் அப்படியே இருந்துவிட்டேன். அக்கா கதைத்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் கதைத்தாள். சொன்னதெல்லாம் அவளுடையது, எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுத அவளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவள் இரண்டு மணி நேரமாக லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தாளாம். நான் வந்தவுடன் 'எனக்கு என்ர பிள்ளையப் பாக்கப் பயமா இருக்கு ஜெசி' என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளாம். கதவைத் திறந்து வெள்ளை யூனிஃபோமைக் கண்டதும் அதை விழுங்கிவிட்டாளாம். பிறகு மெல்பேர்ன் போய் ஒரு வருஷம் மருந்து எடுத்தாளாம். என்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

நான் படித்தபடியே செய்தேன். குறுக்கே பேசவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. அவசரப்பட்டு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, அது என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைக்கிற வேலை என்று படிப்பித்திருக்கிறார்கள். அவள் முடித்தாள். நான் மௌனமாக இருந்தேன். ஒரு முழு நிமிஷம். மேடம் கேட்டிருந்தால் முழு மார்க்ஸ் போட்டிருப்பார். மாலுபாண் பையில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது, கண்ணீர் அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது, நான் மூச்சுக் காட்டவில்லை. அப்போது மெல்பேர்னிலிருந்து அந்தப் பழைய அதட்டல் வந்தது.

"ஜெசி, லைன்ல இருக்கிறியா? வாயத் திறந்து ஏதாச்சும் கதையடி. இவ்வளவு நேரமும் நான் நர்ஸோடயா கதைச்சனான்?"

அக்கா இன்னும் ஊருக்கு வரவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. நான் நல்ல மார்க்ஸோடு பாஸாகி, கிழமையில் ஆறு நாள் சும்மா இருந்து சம்பளம் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படித்ததையெல்லாம் மறந்து, அந்தக் கடைப்படியில் இருந்து அவளைப் போனில் ஒரு சொல் பேசவிடாமல் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.